மோசேக்கு ஒரு கல்

ஆண்டின் பொதுக்காலம் 29-ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
விடுதலைப் பயணம் 17:8-13, 2 திமொத்தேயு 3:14-4:2, லூக்கா 18:1-8



முதல் வாசகத்தில் ஒரு கல் வந்தது. கவனித்தீர்களா என்று தெரியவில்லை. போர் வருகிறது, குன்று வருகிறது, கடவுளின் கோல் வருகிறது, வாள் வருகிறது. இத்தனைக்கும் நடுவில் இரண்டு பேர் ஒரு கல்லைக் கொண்டுவந்து போடுகிறார்கள். மோசே அதன்மேல் உட்காருகிறார். இந்தக் காட்சியை வரைகிற ஓவியர்கள் உயர்த்திய கைகளைத்தான் பெரிதாக வரைவார்கள். எனக்கு இன்று அந்தக் கல்லைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

எகிப்தை விட்டு வந்த மக்கள் இரபிதிமில் கூடாரம் அடித்திருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று மோசேயோடு மல்லுக்கு நின்று, பாறையிலிருந்து தண்ணீர் கிடைத்து, அந்தக் கூச்சல் அடங்கியும் அடங்காமலும் இருக்கும்போதே அமலேக்கியர் வந்து விழுகிறார்கள். எப்படி விழுந்தார்கள் என்பதை இணைச்சட்ட நூலின் 25-ஆம் அதிகாரத்தில்தான் பார்க்க வேண்டும். களைத்துப்போய், கூட்டத்தின் கடைசியில் பின்தங்கி வந்தவர்களை அவர்கள் வெட்டினார்கள். வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியவே நேரம் ஆகியிருக்கும்.

யோசுவா ஆள்களைத் தேர்ந்துகொண்டு களத்துக்குப் போகிறார். மோசே, ஆரோன், கூர் மூவரும் குன்றின் உச்சிக்கு ஏறுகிறார்கள். மோசேயின் கை உயர்ந்திருந்தால் இஸ்ரயேலர் மேலோங்குகிறார்கள். தாழ்ந்தால் அமலேக்கியர் மேலோங்குகிறார்கள். மோசேக்கு அப்போது வயது 80 ஆகிவிட்டது. பார்வோன் முன்னால் முதலில் போய் நின்றபோதே 80 என்று விடுதலைப் பயண நூல் கணக்குச் சொல்லியிருக்கிறது. கையை மேலே தூக்கிக்கொண்டு நாம் எவ்வளவு நேரம் நிற்போம்? ஆண்டவர் கற்பித்த செபம் முடிவதற்குள் கை தானாக இறங்கிவிடுகிறவர்கள் நமக்குள் எத்தனை பேர்! வெயில் ஏறுகிறது, மோசேயின் கை தளர்கிறது, கீழே ஆள்கள் விழுகிறார்கள்.

அந்த நேரத்தில் ஆரோனும் கூரும் என்ன செய்யவில்லை என்பதையும் பாருங்கள். “இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு தூக்கும்” என்று மோசேக்கு அறிவுரை சொல்லவில்லை. “பாவம், பெரியவருக்கு முடியவில்லை” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு நிற்கவும் இல்லை. அவருக்குக் கால் வலிக்கிறது என்பது அவர்கள் கண்ணில் பட்டது. கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாக நின்று, கதிரவன் மறையும்வரை கையைத் தாங்கினார்கள். இதில் ஆரோன் மோசேக்கு 3 வயது மூத்தவர். அவருக்கும் உட்கார ஒரு கல் தேவைப்பட்டிருக்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதில் செபம் எது, உதவி எது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? மோசே செபித்தார், யோசுவா போரிட்டார், அது தெளிவு. ஆரோனும் கூரும்? அவர்கள் வாயைத் திறந்து ஒரு சொல் செபித்ததாக வாசகத்தில் இல்லை, வாளைத் தொட்டதாகவும் இல்லை. அவர்கள் விட்டிருந்தால் மோசேயின் செபமும் நின்றிருக்கும், யோசுவாவின் போரும் நின்றிருக்கும். கடவுளோடு முகமுகமாய்ப் பேசிய மனிதரே ஒரு பகல் பொழுதுக்குத் தனியாகச் செபிக்க முடியாமல் தவித்தார் என்றால், நமக்குத் தனிச் செபம் போதும் என்று எந்தத் துணிச்சலில் நினைக்கிறோம்?

நம் பங்குகளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. செபம் சாமியாருக்கும் கன்னியருக்கும் உரிய வேலை. உதவி வின்சென்ட் தே பவுல் சபைக்கு உரிய வேலை. நமக்கு உரியது ஞாயிறு பூசை. “சாமி, எனக்காக வேண்டிக்கோங்க” என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் என் கையும் இறங்குகிற கைதான். உங்கள் தெருவில், அன்பியம் என்ற உங்கள் சிறு சபைக் குழுவில், அடுத்த வீட்டில் இருப்பவரிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்களா?

நற்செய்தியில் வருகிற கைம்பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நேர்மையற்ற நடுவரிடம் அவள் விடாமல் போய் நின்றாள். மனம் தளராமல் செபிக்க வேண்டும் என்பதற்காக இயேசு இந்த உவமையைச் சொன்னார் என்று லூக்காவே தொடக்கத்தில் விளக்கிவிடுகிறார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் இதை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: அந்த ஊரில் அவளோடு நடுவர் வீட்டுக்குப் போக ஒருவர்கூடவா இல்லை? கைம்பெண்ணையும் அநாதையையும் காப்பது ஊர் முழுவதற்கும் உரிய கடமை என்று திருச்சட்டம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. அந்த ஊரிலும் ஒரு தொழுகைக்கூடம் இருந்திருக்கும், ஓய்வுநாளில் திருப்பாடல் பாடியிருப்பார்கள். அவள் தனியாகத்தான் போனாள். இன்றைக்கும் விதவை ஓய்வூதிய மனுவை வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கும் தனியாகப் போய்வருகிற பெண்கள் நம் கோவிலில் இதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய விடாமுயற்சியை நான் மெச்சுகிறேன். அது அவர்களுக்கு ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்பது நம்மைப் பார்த்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இனி திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். செபத்தின் வல்லமை என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த அதிகாரத்தை எடுப்பார்கள், பெரும்பாலும் பாதியில் தொடங்குவார்கள். பேதுரு சிறையில் இருக்கிறார். நான்கு நான்கு பேராக 4 குழுக்கள், ஆக 16 படைவீரர் காவல். இரண்டு வீரர்களுக்கு நடுவில், இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டுத் தூங்குகிறார். மறுநாள் ஏரோது அரசன் அவரை மக்கள் முன் கொண்டுவரப் போகிறான். திருச்சபை அவருக்காக ஊக்கமாகச் செபிக்கிறது. வானதூதர் வருகிறார், சங்கிலி விழுகிறது, பேதுரு வெளியே வருகிறார். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் அதிகாரம் பேதுருவில் தொடங்கவில்லை. இரண்டாம் வசனத்தில் ஏரோது யோவானின் சகோதரர் யாக்கோபை வாளால் கொன்றான் என்று இருக்கிறது. ஒரே வரி. யாக்கோபு யார்? உருமாற்றம் நடந்த மலையிலும் கெத்சமனியிலும் இயேசு கூட அழைத்துக்கொண்டு போன மூவரில் ஒருவர். அவர் பிடிபட்டபோது திருச்சபை சும்மா இருந்திருக்குமா? அவருடைய தாய் சும்மா இருந்திருப்பாரா? அதே மக்கள், அதே ஆண்டவர், அதே அரசன். ஒருவர் வெளியே நடந்து வந்தார், ஒருவர் வெட்டப்பட்டார். ஏன் என்று இந்த நூலையும் எழுதிய லூக்கா விளக்கவில்லை. யாக்கோபுக்காகச் செபித்தவர்களின் விசுவாசம் குறைவு என்று ஒரு சொல்கூட எழுதவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புற்றுநோயில் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம், “நீங்க இன்னும் நம்பிக்கையா செபிச்சிருந்தா கடவுள் கேட்டிருப்பார்” என்று சொல்ல நம்மில் சிலருக்கு நாக்கு வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு செபக் கூட்டத்துக்கு வா என்று கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். நோயுற்றவன் ஆண்டவரிடம் மன்றாட வேண்டும் என்றும், மருத்துவருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றும் அதே மூச்சில் அங்கே எழுதியிருக்கிறது. டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அந்த ஆள் விவிலியத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

யாக்கோபு வெட்டப்பட்ட பிறகும் அந்தச் சபை செபத்தை விடவில்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்து, மண் காயாத கையோடு அடுத்தவருக்காக மறுபடியும் முழந்தாள் இடுவது எளிதல்ல. தனியாக இருந்தால் நாம் விட்டுவிடுவோம். மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாவின் வீட்டில் பலர் கூடியிருந்ததால் அவர்களால் முடிந்தது. ஒருவருக்கு வார்த்தை வராதபோது மற்றவர் சொல்லியிருப்பார்.

பேதுரு வெளியே வந்த வழியையும் கொஞ்சம் பாருங்கள். முதல் காவல், இரண்டாம் காவல், பிறகு நகருக்குப் போகும் இரும்புக் கதவு. அந்த இரும்புக் கதவு தானாகவே திறந்தது. அடுத்து அவர் மரியாவின் வீட்டுக்கு வருகிறார். அந்த மரக்கதவு திறக்கவில்லை. தட்டுகிறார். பணிப்பெண் குரலைக் கேட்டு, மகிழ்ச்சியில் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். “உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?” என்கிறார்கள் உள்ளே செபித்துக்கொண்டிருந்தவர்கள். அவள் சாதிக்கிறாள். அப்படியானால் அது பேதுருவின் வானதூதராக இருக்கும் என்கிறார்கள். பேதுருவை விடுவியும் என்று இரவெல்லாம் மன்றாடியவர்கள், பேதுரு வாசலில் நிற்கிறார் என்று சொன்னால் நம்பவில்லை. லூக்காவுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம்பிக்கை அரைகுறையாக இருந்தவர்களின் செபத்தையும் கடவுள் கேட்டார் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஏரோதின் இரும்புக் கதவைத் திறந்த வானதூதர் சபையின் மரக்கதவைத் திறந்துவிட்டுப் போகவில்லை. அதை உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்து திறக்க வேண்டியிருந்தது. வெளியே நின்றவர் காவலர் கையில் மறுபடி சிக்கக்கூடிய ஆள். உள்ளே செபம் நீள நீள வெளியே ஆபத்து கூடியிருக்கும். நாம் யாருக்காகச் செபிக்கிறோமோ அவர் பல நேரம் நம் வாசலில்தான் நிற்கிறார்: வேலை போனவர், குடியை விட்டுவிட்டு முதல் வாரத்தைத் தாண்ட முடியாமல் தவிப்பவர், கணவன் வீட்டிலிருந்து பையோடு திரும்பி வந்த பெண். செபமாலையை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன் என்று சொல்லாதீர்கள்.

தொடக்கத் திருச்சபையில் செபமும் கைப்பொருளும் எப்படி ஒன்றாகப் போயின என்பதற்கு ஒரு கடிதம் நம் கையில் இருக்கிறது. கார்த்தேஜ் நகரின் ஆயர் புனித சிப்பிரியான் எழுதியது. இன்றைய துனிசியா நாட்டில் இருந்த நகரம் அது. 253-ஆம் ஆண்டையொட்டி, பக்கத்து நுமிதியாவில், அதாவது இன்றைய அல்ஜீரியாப் பகுதியில், கொள்ளையர் புகுந்து கிறிஸ்தவர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். ஆண்கள், பெண்கள், கன்னியர். பணம் கொடுத்தால்தான் மீட்க முடியும். நுமிதியாவின் ஆயர்கள் 8 பேர் சிப்பிரியானுக்கு எழுதினார்கள்.

கார்த்தேஜ் சபை அப்போது வசதியாக இருந்த சபை என்று நினைத்துவிடாதீர்கள். 250-இல் தேசியுஸ் பேரரசன் காலத்து வேதகலாபனை அதைச் சிதறடித்திருந்தது. உயிருக்குப் பயந்து பலர் சிலைகளுக்குப் பலியிட்டு, பின்னர் அழுதுகொண்டு திரும்பி வந்திருந்தார்கள்; அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சபைக்குள் பெரும் சண்டை. போதாததற்குக் கொள்ளைநோய். தெருவில் பிணங்கள். இந்த நிலையில் இருந்த மக்களிடம் சிப்பிரியான் அந்த ஆயர்களின் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். அவர்கள் உரோமை நாணயமான செஸ்டெர்ஸில் 1,00,000 திரட்டினார்கள். குருக்களும் கொடுத்தார்கள், மக்களும் கொடுத்தார்கள், அங்கு வந்திருந்த வேறு சில ஆயர்களும் தங்கள் மக்கள் சார்பில் கொடுத்தார்கள்.

பணத்தோடு அனுப்பிய பதில் கடிதத்தில் சிப்பிரியான் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை இணைத்தார். நம் கோவில்களில் நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் பொறிப்போம், மின்விசிறியின் இறக்கையில்கூட எழுதுவோம். சிப்பிரியான் பெயர்களை அனுப்பியது அதற்கல்ல. பலி ஒப்புக்கொடுக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், இவர்களுக்காகச் செபியுங்கள் என்று கேட்டுத்தான் அனுப்பினார். முகம் தெரியாத ஊரில், மீட்கப்பட்டு வந்த ஒருவர், கார்த்தேஜில் தனக்காகக் காசு போட்டவரின் பெயரைச் சொல்லிச் செபித்திருப்பார். இங்கிருந்து பணம் போனது, அங்கிருந்து செபம் வந்தது. யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. இனி இப்படி நேராமல் இருக்கட்டும், நேர்ந்தால் தயங்காமல் எழுதுங்கள் என்றும் அவர் சேர்த்திருந்தார். கையில் இருந்ததைக் கொடுத்து முடித்த சபை பேசிய பேச்சு இது. சிப்பிரியான் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார்.

அவருக்கும் நூறாண்டு முந்தி, 155-ஆம் ஆண்டையொட்டி, உரோமையில் புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வாசகம், மறையுரை, எல்லாரும் எழுந்து நின்று பொது மன்றாட்டு, அப்பமும் இரசமும். வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோனார்கள். வசதி உள்ளவர்கள் கொடுத்த காணிக்கை தலைவரிடம் இருக்கும். அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இவர்களுக்கு அவர் பொறுப்பு. நாம் இன்னும் சற்று நேரத்தில் செய்யப்போவதும் அதே வரிசைதான். இந்தப் பொது மன்றாட்டு பல நூற்றாண்டு பூசையிலிருந்து மறைந்து போய், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கேட்டுக்கொண்ட பிறகுதான் திரும்பி வந்தது. வந்ததை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஒரு புத்தகத்தில் அச்சடித்த 5 மன்றாட்டுகளை வேகமாகப் படித்து முடிக்கிறோம். “நோயாளிகளுக்காக” என்கிறோம். எந்த நோயாளி?

தெளிவாகக் கேட்பது எப்படி என்பதற்குப் பவுலடியாரிடம் ஒரு பாடம் இருக்கிறது. உரோமையர் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில், தான் பார்த்தே இராத உரோமைச் சபையிடம் அவர் கெஞ்சுகிறார்: எனக்காக நீங்களும் சேர்ந்து போராடிச் செபியுங்கள், யூதேயாவில் என்னை எதிர்ப்பவர்களிடமிருந்து நான் தப்ப வேண்டும், எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையை அங்குள்ளவர்கள் மனமார ஏற்க வேண்டும், பிறகு மகிழ்ச்சியோடு உங்களிடம் வர வேண்டும். எத்தனை தெளிவான கருத்துகள். “எல்லாம் நல்லபடியா நடக்கணும்” என்று பொத்தாம் பொதுவாக அவர் கேட்கவில்லை. உரோமையர் செபித்தார்கள் என்றே எடுத்துக்கொள்வோம். நடந்தது என்ன? எருசலேமில் கூட்டம் அவரை அடித்துக் கொல்லப் பார்த்தது. படைவீரர் இடையில் புகுந்து கைது செய்தார்கள். இரண்டு ஆண்டு செசரியாவில் காவல். பிறகு கடலில் புயல், மால்தாவில் கப்பல் உடைந்தது. ஏறக்குறைய 3 ஆண்டு கழித்து, சங்கிலியோடு இத்தாலிக் கரையில் வந்து இறங்கினார். கேட்டது கிடைத்ததா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? உயிரோடு இருந்தார், உரோமைக்கு வந்தார். வந்த விதம்தான் அவர் கேட்ட மாதிரி இல்லை.

அப்போது உரோமைச் சபை செய்ததை லூக்கா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். பவுல் வருகிறார் என்று கேள்விப்பட்டு, சிலர் அப்பியு சந்தை வரைக்கும், சிலர் மூன்று விடுதி வரைக்கும் எதிர்கொண்டு போனார்கள். அப்பியு சந்தை உரோமையிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர், மூன்று விடுதி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நடைதான். ஒரு கைதியைப் பார்க்க, அதுவும் பேரரசன் முன் வழக்குள்ள கைதியை. போனால் தங்கள் பெயரும் யார் காதிலாவது விழலாம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர்களைக் கண்டதும் பவுல் கடவுளுக்கு நன்றி சொல்லித் துணிவு கொண்டார் என்று எழுதியிருக்கிறது. புயலில் கப்பல்காரர்களுக்கே துணிவு சொன்னவர் அவர். அந்த மனிதருக்குத் துணிவு தேவைப்பட்டது, அது சாலையில் புழுதிக் காலோடு நின்ற சிலரிடமிருந்து வந்தது. கால் வலிக்காத சிலர் 65 கிலோமீட்டர் போனார்கள். முடியாதவர்கள் 50-இல் நின்றுகொண்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். இரண்டு கூட்டத்தையும் லூக்கா சேர்த்தே எழுதினார்.

எழுந்து நடக்கவே முடியாதவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். “சாமி, நான் யாருக்கும் உபயோகமில்லாம கெடக்குறேன்” என்று நற்கருணை கொண்டுபோகும் வீடுகளில் கேட்கிறேன். இவை மறைபரப்பு ஞாயிறை ஒட்டிய நாள்கள். மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1927-இல் அறிவித்தது யாரை? 15 வயதில் லிசியே கார்மெல் மடத்துக்குள் போய், 24 வயதில் காசநோயில் இறக்கும்வரை வெளியே வராத தெரேசாவை. மறைபணிக்குப் போகவிருந்த இரண்டு இளைஞர்களை மடத்தில் அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களுக்காகச் செபித்தார், கடிதம் எழுதினார், அவ்வளவுதான். ஒருவர் சீனாவுக்குப் போனார், மற்றவர் ஆப்பிரிக்காவுக்குப் போனார். படுக்கையில் இருக்கும் நம் தாத்தா பாட்டிகளிடம் அன்பியத் தலைவர்கள் மாதம் ஒரு பெயரைக் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளை, துபாயில் வேலைக்குப் போயிருக்கும் மகன், யாராக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளை ஒருமுறை வந்து பாட்டியைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. செபக் கருத்து என்ற பெயரில் நம்மிடையே ஊர்க்கதை உலாவுகிறது. “செபிக்கிறதுக்காகத்தான் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க” என்று தொடங்கும் பேச்சு மறுநாள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. மகள் திருமணம் முறிந்த வீட்டார் அன்பியக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியதற்குக் காரணம் கடவுள்மேல் கோபம் என்று நினைக்கிறீர்களா? நம் கண்களும் கேள்விகளும்தான். ஒருவர் தம் துன்பத்தைச் சபையில் சொல்ல வேண்டுமென்றால், அது சபையைத் தாண்டாது என்ற உறுதி வேண்டும். பெயர் சொல்லிச் செபிக்கலாமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆண்டவருக்கு அந்தப் பெயர் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது ஆபரேஷன் என்று செய்தி வந்தால் கும்பிடும் கைகள் வரிசையாக விழுகின்றன. அது தவறில்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிற மனைவி அதைப் பார்த்துத் தெம்படைவார். அதற்குப் பிறகு அவருக்கு என்ன தேவை? வீட்டில் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு. ஒரு யூனிட் இரத்தம். இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு மாற்று ஆள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ஆட்டோவும் கூட ஒரு துணையும். நாற்பது கும்பிட்ட கைகளில் நான்கு கைகள் இதைச் செய்தால் போதும்.

நோயில்பூசுதல் அருளடையாளத்தை இன்னும் பழைய பெயரில் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று நினைத்து, கடைசி மூச்சு இழுக்கும்போது என்னைக் கூப்பிடாதீர்கள். யாக்கோபு திருமுகம் சபையின் மூப்பர்களை அழைக்கச் சொன்னது நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போது. நான் வரும்போது பக்கத்து வீட்டார் நான்கு பேரும் கூட இருக்கட்டும். சாமியார் வந்தாலே பயம் என்றால், அடிக்கடி வந்தால் பயம் போய்விடும்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று நம் ஊரில் அக்கம்பக்கத்தார் கஞ்சியும் காப்பியும் கொண்டுபோகிறார்கள். நல்ல வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நாள் கல்லறைக்குப் போகிறோம், முப்பதாம் நாள் பூசை வைக்கிறோம், சாப்பிட்டுவிட்டு வருகிறோம். முப்பத்தொன்றாம் நாள் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? வங்கிக்குப் போய்ப் பெயர் மாற்ற வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும், இரவில் தூக்கம் வராது. மோசேக்குக் கை தளர்ந்தது போரின் தொடக்கத்தில் அல்ல. நேரம் போகப் போகத்தான்.

ஆகவே இன்று மன்றாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அன்பியத் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் தெருவில் இந்த வாரம் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று பெயரைச் சொல்வார்கள். பெயருக்கு உரியவர்களிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் என்ன தேவை என்பது ஒரு தாளில் எழுதி, பூசை முடிந்ததும் கெபிக்குப் பக்கத்தில் மேசையில் இருக்கும். சாப்பாடு, இரத்தம், தாலுகா அலுவலகத்துக்குத் துணை, ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பாடம். உங்களால் முடிந்ததற்கு நேராக உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அந்தப் பட்டியலை அடுத்த ஞாயிறு பீடத்தில் வைத்து, அதில் உள்ள பெயர்களுக்காகவும் பலி ஒப்புக்கொடுப்பேன். சிப்பிரியான் காட்டிய வழிதான்.

எழுந்து நிற்போம். நிற்க முடியாத பெரியவர்கள் உட்கார்ந்தே விசுவாச அறிக்கை சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் இளைஞர்கள் அவர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுங்கள்.